சாறும் அவருக்கு! சக்கையும் அவருக்கா?

சாற்றைப் பிழிந்துகொண்டு சக்கையை எறிந்தார்கள் என்று, ஏமாற்றப்பட்ட ஏழையைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். தோழர்களே, அந்த உவமையை இனி மாற்றவேண்டும்! சக்கையை இன்று எவரும் எறிவதில்லை. சக்கையிலே பணம் இருக்கிறது. பணம் இருக்குமிடத்தை ஆலை முதலாளியின் கண் விட்டுவைக்குமா?

கணக்கைப் பாருங்கள். ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் 250 முதல் 300 கிலோ வரை சக்கை. அது கொதிகலனிலே எரிகிறது, நீராவியாகிறது, மின்சாரமாகிறது. ஆலையை ஓட்டியதுபோக மிஞ்சுவது விலைக்குப் போகிறது. 1979இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய காகித நிறுவனம், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் அதே சக்கையைத் தாளாக்கிக் காட்டியது. மொலாசஸ் என்னும் கழிவுப்பாகு எத்தனாலாகிப் பெட்ரோலோடு கலக்கிறது. வடிகட்டி ஒதுக்கிய பிரஸ்மட் எருவாகிறது, எரிவாயுவும் தருகிறது.

இதற்குச் சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயர். நல்ல பெயர்! பகுத்தறிவு பேசும் நாம் விஞ்ஞானத்தை வரவேற்கிறோம். நிலக்கரி மிச்சம், மண்ணுக்கு உரம் — வேண்டாமென்பார் யார்? ஆனால் ஒரு கேள்வி. பொருளெல்லாம் சுழல்கிறதே, பணம் மட்டும் ஏன் ஆலை வாயிலோடு நின்றுவிடுகிறது?

பங்கு கேட்பது புதுக் கோரிக்கையுமல்ல. 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில், பார்கவா குழுவின் பரிந்துரைப்படி 1974இல் 5-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. கூடுதல் இலாபத்தில் சரிபாதி கரும்பு கொடுத்தவனுக்கு என்றது அது. 2009இல் டில்லி அந்தப் பிரிவை நீக்கிற்று! 2012இல் ரங்கராஜன் குழு, சர்க்கரையோடு சக்கை, மொலாசஸ், பிரஸ்மட் வருவாயையும் கூட்டி, அதில் 70 விழுக்காடு உழவனுக்கு என்றது. முதலில் குறைந்தபட்ச விலை, பிறகு மிச்சப் பங்கு என்று வழியும் சொன்னது.

"துணைப்பொருள் வருவாயையும் எண்ணித்தானே விலை வைக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். எண்ணுகிறார்களாம்! மின்சாரம் விற்கும் ஆலைக்கும் விற்காத ஆலைக்கும் டில்லி வைக்கும் விலை ஒன்றே. அப்படியானால் விற்ற மின்சாரத்தின் இலாபம் எவர் பெட்டியிலே விழுகிறது?

"கொதிகலன் எங்கள் முதல்" என்பார்கள். சரி, அந்த முதலுக்கு இலாபம் எடுத்துக்கொள்ளட்டும். நிலம் எவன் முதல்? பத்து, பன்னிரண்டு மாதம் நீர் பாய்ச்சிக் காத்த உழைப்பு எவன் முதல்? சோகை கிழித்துக் கை புண்ணாகிக் கரும்பு வெட்டும் தொழிலாளியின் வியர்வை எவன் முதல்? உழவனுக்கு வந்தால்தானே வெட்டும் கைக்கும் கூலி உயரும்!

நாம் கேட்பது மூன்று. சக்கை, மின்சாரம், மொலாசஸ், பிரஸ்மட் வருவாய்க் கணக்கு ஆலை வாயிலில் ஆண்டுதோறும் எழுதி வைக்கப்படவேண்டும். ஆண்டு முடிவில் அந்த வருவாயில் பங்கு, கரும்பு விலைக்கு மேற்கொண்டு, உழவன் கைக்கு வரவேண்டும். மண்ணிலிருந்து எடுத்த சத்து, எருவாக அவன் வயலுக்கே திரும்பவேண்டும்.

கிளைக் கழகத் தோழர்களே! கரும்பு வண்டி நிற்கும் இடமெல்லாம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். சாற்றின் விலைக்குப் போராடிய உழவன், சக்கையின் விலையையும் அறிந்துகொள்ளட்டும். அறிந்தபின் அவனை ஏமாற்ற எவராலும் முடியாது!