கேமராவுக்கு முன்னால் காகிதம்

ஒளிப்பதிவு கற்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்பதைத்தான். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா கற்ற விதம் வேறு. இயக்குநர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' படத்தை வங்காளத்தில் எடுத்தபோது மித்ரா வெறும் பார்வையாளர். விளக்கு எங்கே, கேமரா எப்படி நகர்கிறது, நடிகர் எங்கே நிற்கிறார் என்று வரைந்து குறித்துக்கொண்டார். சினிமா கேமராவையே இயக்கியிராத அவரிடம்தான் சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யின் ஒளிப்பதிவை ஒப்படைத்தார். அடுத்து 'அபராஜிதோ' (1956). காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் செட்டாகப் போட்டார்கள். முற்றத்தின் வெளிச்சம் வானத்திலிருந்து பரவலாக இறங்குவது. நிழல் கூர்மையாக விழாது. நேர் விளக்கு அதைக் கெடுத்துவிடும். மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்து, ஒளியை அதில் பட்டுத் திரும்பச் செய்தார். முற்றத்தை உற்றுப் பார்த்தவனுக்கே இந்த யோசனை வரும்.

அன்று பிலிம் விலை அதிகம், அதனால் மித்ரா வரைந்தார்; இன்று செல்போனில் பத்து முறை எடுத்துத் திருத்தலாமே என்பார்கள். பயிற்சிக்கு அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பத்துக் கோணங்களில் எடுப்பவர் முடிவை எடிட்டிங் மேசைக்குத் தள்ளிவிடுகிறார். சட்டகம் என்பதே எதை விடுவது என்ற முடிவு. மித்ரா மேதை, எல்லோருக்கும் அது வருமா என்ற கேள்வியும் எழும். குறிப்பெடுக்க மேதைமை வேண்டாம். பொறுமை போதும் (அதுதான் கிடைப்பதில்லை). திரைப்படக் கல்லூரிகள் முதல் சில மாதங்களுக்குக் கேமராவைப் பூட்டி வைக்கட்டும். ஒரு காட்சியை ஒலியில்லாமல் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒளி வரும் திசையையும் கேமராவின் உயரத்தையும் மாணவர்கள் வரையட்டும்.