பனங்காடைக்கு ஆஸ்திரேலியக் கம்பளி

கர்நாடகத்தின் மாநிலப் பறவை பனங்காடை. அதைக் கம்பளியில் செய்யலாம் என்று உட்கார்ந்தால், கம்பளி மட்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வர வேண்டியிருக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி இந்த மாநிலத்தில் செம்மறி மட்டுமே ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு மேல். என்ன பிரயோஜனம்?

மைசூரு ஹெப்பாளில் குடியிருந்துகொண்டு ஊசியால் குத்திக் குத்திப் பறவை செய்வதுதான் என் பிழைப்பு. கார் தரைவிரிப்பு அடிக்கும் எந்திரங்களில் ஆயிரக்கணக்கில் செருகும் ஊசியைத்தான் நான் ஒற்றையாகப் பிடித்துக் குத்துகிறேன். அதன் விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். ஒவ்வொரு குத்துக்கும் அவை நாலு இழையை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். ஆட்டு மயிரில் செதில் இருப்பதால் உள்ளே போன இழை அங்கேயே பின்னிக்கொள்ளும். பஞ்சு மாதிரி இருந்தது பந்தாகி, பந்து இறுகி மார்பாகும். கொஞ்சம் சாய்த்துக் குத்திவிட்டால் ஊசி முனை உள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். அப்புறம் அதைத் தேடிப் பிடுங்குவது ஒரு தனிக் கதை.

இதையெல்லாம் சொன்ன பிறகும், "ஏம்மா, இலவம்பஞ்சு கிலோ கிலோவாக் கிடைக்குதே, அதுல செய்யக் கூடாதா?" என்பார் மாமியார். இலவம்பஞ்சு வழவழவென்று இருக்கும், அத்தை, ஒன்றோடு ஒன்று பிடிக்காது. எதிர்வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே. 1912-லிருந்து பட்டு நெய்கிற ஊரில் இருந்துகொண்டு கம்பளிக்கு ஏன் அலைகிறீர்கள் என்கிறார். பட்டிலும் செதில் கிடையாது, சார். பளபளப்புக்கு மேலே கொஞ்சம் தடவலாம், அவ்வளவுதான்.

சரி, உள்ளூர் ஆடு? பக்கத்திலேயே பன்னூர். அந்த ஆட்டின் பெருமை முழுக்க பிரியாணியில் இருக்கிறது. மேலே இருப்பது முரட்டு முடி. வடக்கே சித்ரதுர்கா பக்கம் போனால் தக்காணி ஆடு. குருபர்கள் கறுப்புக் கம்பளி நெய்வது அதில்தான், சாயமே வேண்டாம், பிறவிக் கறுப்பு. கரிச்சான் செய்ய அதைவிட வேறென்ன வேண்டும் என்று ஆசையாக வாங்கினேன். இழை ஆஸ்திரேலிய மெரினோவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிமன். குத்தக் குத்தச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. சரி, கொக்குக்காவது ஆகுமென்று உள்ளே திணித்து மேலே வெள்ளைக் கம்பளி போர்த்தினால், ரெண்டு நாளில் அதன் மார்பில் கறுப்பு முடி எட்டிப் பார்க்கிறது. சவரம் செய்யாத கொக்கை யார் வாங்குவார்கள்? ஆட்டுக்காரர்களைக் கேட்டால் அவர்கள் பாடு அதைவிட மோசம். மயிர் கத்தரிக்கக் கொடுக்கிற கூலிக்குக்கூட விலை வருவதில்லையாம், பல இடத்தில் அப்படியே கொட்டிவிடுகிறார்கள்.

மெல்லிய கம்பளி நம் பக்கத்தில் இல்லாமலும் இல்லை. மலையேறினால் நீலகிரி ஆடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் எல்லாம் கலந்து உருவான இனம். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் ஆராய்ச்சி நிலையமே வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். ஆனால் இனமே அருகிப்போய்க் கிடக்கிறது. கம்பளி கிடைத்தாலும் எனக்கு அழுக்கு நீக்கி, சீவி, இழை ஒரே திசையில் படிந்து வந்தால்தான் வேலைக்கு ஆகும். அரை கிலோவை அப்படிச் செய்து தர ஆள் இல்லை. ஆலையில் கேட்டேன், டன் கணக்கில் பேசினார்கள். வீட்டிலேயே வெந்நீரில் ஊறப்போட்டேன், குளியலறை வாசனையைப் பற்றிக் கணவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆக, கடல் தாண்டிவந்த கம்பளியில் நீலம் நீலமாகச் சேர்த்து, கண்ணுக்கு மணி பதித்து, காலுக்குக் கம்பி சுற்றி முடித்துக் கண்காட்சியில் வைத்தால், ஒரு அம்மா எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறார்.

"உள்ளூர்ல செஞ்சதுதானே? ஏன் இவ்ளோ விலை?"