'இயந்திரமே' அல்ல, 'இயந்திரா'!

"சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல உவமை, உருவகம்லாம் ஏதுப்பா? ராக்கெட் விடுவாங்க, அவ்வளவுதான்" என்று சொல்லும் நண்பர்கள் நம்மிடையே நிறைய. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலுக்கு அட்டையே பதில் சொல்லிவிடும்.

இயந்திரம் அஃறிணை. அதைக் கூப்பிட்டால் 'இயந்திரமே' என்றுதான் வரவேண்டும். ராமன் 'ராமா' ஆவதுபோல, இயந்திரன் என்று ஒருவன் இருந்தால்தான் 'இயந்திரா'! ஒரே விளியில் மெஷினை உயர்திணைக்கு ஏற்றிவிட்டார் மனுஷர். உவப்பினால் இப்படிச் சொல்லலாம் என்று நன்னூலே அனுமதித்திருக்கிறது. பசுவைப் பார்த்து 'அம்மா வந்துட்டா' என்கிறோமே, அதே கணக்கு. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏலத்தோட்டத்து ஜீப் மூச்சு வாங்கும்போது டிரைவர் அண்ணன் "ஏறுடா ராசா" என்பதும் இந்த இலக்கணம்தான்.

கதைக்குள்ளே போனால் இது தலைகீழாகிறது. நிலா, சிபி, ரவி, மனோ... எல்லாம் இரண்டெழுத்து. பெயர் அதற்கு மேல் நீளக்கூடாது என்பது அரசாங்க உத்தரவு. எத்தனை வயதுவரை வாழலாம் என்பதையும் அரசாங்கமே தீர்மானிக்கிறது. மனிதன் பாகம் பாகமாக அஃறிணை ஆகிக்கொண்டிருக்க, ஜீனோ என்ற இயந்திர நாய் மட்டும் புத்தகம் படிக்கிறது, வாதாடுகிறது, கிண்டலடிக்கிறது! நமக்கும் இது புதுசா என்ன? ஒர்க்‌ஷாப் லேத்துக்குச் செல்லப்பெயர் வைக்கிறோம். அட்டெண்டன்ஸில் நமக்கோ வெறும் நம்பர்.

இதைவிடக் கூர்மையானது சர்வாதிகாரியின் பெயர்: ஜீவா. நாடே கும்பிடும் அந்தத் தலைவர் கடைசியில் வெறும் ஹோலோகிராம். ஜீவன் இல்லாத ஜீவா! உருவகம் என்று தனியாக எழுதிக் காட்டவில்லை, பாத்திரமே உருவகம். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்காக உழைத்த எஞ்சினீயர், ஓட்டே தேவைப்படாத பிம்பத்தைக் கற்பனை செய்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு குறையும் உண்டு. ஜீனோ வாய் திறந்ததும் நிலா உட்பட எல்லோரும் மங்கிப்போகிறார்கள். "அதுதானப்பா கதையே" என்று நீங்கள் மல்லுக்கு நிற்கலாம். 'மீண்டும் ஜீனோ'வையும் முடித்துவிட்டு வாருங்கள், பேசிக்கொள்வோம்.