தாமதமாக வந்த மரியாதை

1976-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் தேதி, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கில் வெர்டியின் ‘லா த்ராவியாத்தா’வை நடத்தச் சாரா கால்ட்வெல் அம்மையார் கோலேந்தி வந்தபோது, 1883-இல் உதயமான அந்த ஸ்தாபனத்தின் வாத்தியக் கோஷ்டி முதல் தடவையாக ஒரு ஸ்திரீயின் தலைமைக்கு உட்பட்டது. அதைப் பெரிய ஔதாரியமாகக் கொண்டாடுவது எனக்குச் சம்மதமில்லை. ஏனெனில் 1958-லேயே பாஸ்டனில் சொந்தமாக ஆபரா சபை கண்டு, நிலையான அரங்கமின்றி உடற்பயிற்சிக் கூடத்தில்கூட நாடகம் போட்டு, கோலைப் பிடித்த அதே கையால் மேடை இயக்கத்தையும் பார்த்து, 1966-இல் ஷோன்பெர்க்கின் கடினமான ‘மோசஸும் ஆரோனும்’ சங்கீத நாடகத்தை அமெரிக்காவில் முதன்முதலாக அரங்கேற்றிய அவருக்கு, யோக்கியதாபத்திரம் வழங்க நியூயார்க் பிரபுக்கள் யார்? ஆனால் வரவு செலவுக் கணக்கில் அம்மையார் சூரரல்லர். பாஸ்டன் சபை கடைசிவரை கடன் தொல்லையில்தான் உழன்றது.