வால்டர் டல்: 'முதல்' என்ற பட்டம் எதற்கு?

இங்கிலாந்துக் கால்பந்து வரலாற்றில் வால்டர் டல் என்ற பெயர் வந்தாலே கூடவே ஒரு பட்டமும் வந்துவிடும்: பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் கறுப்பின அதிகாரி. அது சரியல்ல, ஜமைக்காவில் பிறந்த ஜார்ஜ் பெமண்ட் 1915லேயே பீரங்கிப் படையில் அதிகாரியாகிவிட்டார் என்று சிலர் மறுக்கிறார்கள். யார் முதல் என்ற இந்தச் சண்டையில் முக்கியமான விஷயம் ஒன்று மறந்துபோகிறது.

டல் 1888ல் ஃபோக்ஸ்டோன் நகரில் பிறந்தார். அப்பா பார்படோஸிலிருந்து வந்த தச்சர், அம்மா உள்ளூர் வெள்ளைக்காரப் பெண். இருவரும் இறந்துபோக, 9 வயதில் அண்ணன் எட்வர்டோடு லண்டன் அனாதை இல்லத்துக்குப் போனார். அங்கிருந்து கால்பந்து அவரை மேலே தூக்கியது. 1909ல் டாட்டன்ஹாம் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது.

அதே ஆண்டு அக்டோபரில் பிரிஸ்டலில் ஒரு ஆட்டம். கூட்டத்தில் ஒரு பகுதியினர் அவர் நிறத்தைச் சொல்லிக் கேவலமாகத் திட்டித் தீர்த்தார்கள். அன்று களத்தில் சிறந்த முன்கள வீரர் டல்தான் என்று ஒரு பத்திரிகை எழுதியது. என்ன பயன்? சில ஆட்டங்களுக்குள் முதல் அணியில் அவர் இடம் போய்விட்டது. 1911ல் நார்தாம்ப்டன் டவுன் அணிக்கு மாறி, அங்கே நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்.

1914ல் போர் வந்தது. டிசம்பரில், கால்பந்து வீரர்களைக் கொண்டே தொடங்கப்பட்ட மிடில்செக்ஸ் ரெஜிமென்ட் 17வது பட்டாலியனில் சேர்ந்தார். 1916ல் சோம் போர்முனையைப் பார்த்தார். 1917 மே மாதம் செகண்ட் லெப்டினன்ட் ஆனார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கறுப்பினத்தவர் படையில் சேரலாம், ஆனால் மற்றவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்குக் கூடாது என்பதே அன்றைய ராணுவச் சட்டக் கையேட்டின் நிலை. வெள்ளைச் சிப்பாய் கறுப்பு அதிகாரியின் பேச்சைக் கேட்கமாட்டான் என்பதுதான் அதற்குப் பின்னால் இருந்த நம்பிக்கை.

கேட்டார்களா, இல்லையா? 1918 ஜனவரியில் இத்தாலியின் பியாவே ஆற்றைக் கடந்து நடந்த இரவுத் தாக்குதலில், கடும் குண்டு மழைக்கு நடுவே தன் ஆட்களை அழைத்துப் போய், ஒருவரையும் இழக்காமல் திரும்பினார் டல். தளபதி அவரைப் பாராட்டி எழுதினார். அதே ஆண்டு மார்ச் 25ல் பிரான்ஸில், ஜெர்மானியர்களின் பெருந்தாக்குதலின்போது சுடப்பட்டு இறந்தார். வயது 29. முன்னாள் கோல்கீப்பரான டாம் பில்லிங்ஹாம் என்ற சிப்பாய், எதிரிகள் நெருங்கி வந்துகொண்டிருந்தும் அவரைத் தூக்கிவர முயன்றார். முடியவில்லை. டல்லின் உடல் கிடைக்கவே இல்லை. அரஸ் நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கிறது.

அவரை மிலிட்டரி கிராஸ் பதக்கத்துக்குப் பரிந்துரை செய்திருந்ததாக அண்ணனுக்கு ஒரு கடிதம் வந்தது. பதக்கம் வரவில்லை. இப்போதாவது கொடுங்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொடுத்தால் நல்லதுதான். ஆனால் பதக்கத்தோடு கணக்கு முடிந்துவிட்டது என்று யாரும் கைகழுவக் கூடாது. சாதித்த ஒருவரை 'முதல்' என்று கொண்டாடுவது சுலபம். அந்தக் கதவை அத்தனை காலம் பூட்டி வைத்தது யார், எந்தப் பொய்யைச் சொல்லிப் பூட்டினார்கள் என்று கேட்பதுதான் கஷ்டம். அந்தப் பொய்க்குப் பதில், உயிரைப் பணயம் வைத்துத் தன் அதிகாரியைத் தூக்கப் போன அந்தச் சிப்பாய்தான்.