30 மில்லி தாடி

பத்தொன்பது, இருபது வயதில் ஒரு பையனுக்கு வரும் கவலைகளில் வெளியே சொல்ல முடியாதது ஒன்று உண்டு. அரியர் இருந்தால் சொல்லலாம். கையில் காசு இல்லை என்றாலும் சொல்லலாம். கன்னத்தில் இங்கே நாலு முடி, அங்கே மூணு முடி என்று நிற்கிறதே, இதை யாரிடம் போய்ச் சொல்வது? அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார். சலூன்காரரிடம் சொன்னால் "வரும் தம்பி, இரு" என்பார். நண்பர்களிடம் சொன்னால் கேட்கவே வேண்டாம், டிகிரி முடியும் வரை அதுவே பட்டப்பெயர். அதனால் பையன் தன் போனிடம் சொல்கிறான். போன் சிரிப்பதில்லை. உடனே ஒரு குப்பியைக் காட்டுகிறது.

முன்பெல்லாம் அப்படி ஒரு குப்பி வேண்டுமென்றால் பஸ் ஏறிப் புதுச்சேரி நேரு வீதிக்குப் போக வேண்டும். இப்போது வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் வீட்டு வாசலுக்கே வருகிறது. பியர்டு ஆயில், பியர்டு வாஷ், பியர்டு பாம், மரச்சீப்பு, டெர்மா ரோலர் என்று ஒரு பெட்டி. பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும். பஸ் காசிலும் டீ காசிலும் மிச்சம் பிடித்த பணம்தான் பெரும்பாலும் அதற்குப் போகிறது. அதனால்தான் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். தாடி என்பது வயது போடும் கோலம். உடலில் சுரக்கும் ஆண் ஹார்மோனுக்கு முகத்தில் உள்ள மயிர்க்கால்கள் எவ்வளவு இணங்குகின்றன என்பதைப் பொறுத்துத்தான் அடர்த்தி அமைகிறது. அந்த இணக்கம் பெரும்பாலும் பரம்பரை. முதலில் மேலுதட்டு ஓரம், பிறகு கன்னத்தின் மேல்பகுதி, கடைசியில் தாடை என்று பொதுவாக ஒரு வரிசையில் வரும். இருபது வயதில் பாதிதான் முடிந்திருக்கும். பலருக்கு இருபத்தைந்து தாண்டியும் இடைவெளிகள் நிரம்பிக்கொண்டே இருக்கும். முளைத்த முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். "மூன்று மாதம் தொடர்ந்து தடவுங்கள், மாற்றம் தெரியும்" என்று குப்பியில் போட்டிருக்கிறது. பையன் தடவுகிறான். மூன்று மாதத்தில் தாடி கொஞ்சம் நிரம்புகிறது. தடவாமல் இருந்திருந்தாலும் அவனுக்கு மூன்று மாதம் கூடியிருக்கும், தாடியும் கொஞ்சம் நிரம்பியிருக்கும்! வேலை பார்த்தது வயது, பெயர் வாங்கியது எண்ணெய். ஐம்பது வயதுக்காரரிடம் இந்த எண்ணெயை இப்படி விற்க முடியாது. இருபது வயதுக்காரனிடம் மட்டும்தான் விற்க முடியும். இதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம்.

இதற்குப் பக்கத்து ஊரிலேயே ஒரு எதிர்க்கணக்கு இருக்கிறது. பாகூரைத் தாண்டித் தென்பெண்ணையைக் கடந்தால் கடலூர். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையை வளர்த்த சின்னி கிருஷ்ணன் அந்த ஊர்க்காரர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு தனியாகப் பிரிந்து வந்து ஆரம்பித்ததுதான் சிக் ஷாம்பு. பின்னாளில் அது 50 காசுக்குக் கூடக் கிடைத்தது. பாக்கெட்டின் நியாயம் என்ன? பிடித்தால் நாளைக்கு இன்னொன்று வாங்கு, பிடிக்காவிட்டால் நஷ்டம் 50 காசு. ஒரே குளியலில் பொருளின் லட்சணம் தெரிந்துவிடும். தாடி வளர்க்கும் எண்ணெயில் அந்த வசதி கிடையாது. முழுக் குப்பியும் தீர்ந்த பிறகும் அது வேலை செய்ததா இல்லையா என்று சொல்ல முடியாது.

விலைக்கு வருவோம். 30 மில்லி குப்பி 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் லிட்டர் 10,000 ரூபாய் ஆகிறது. 2025-ல் தேங்காய் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியபோது கூட அது இந்தக் கணக்கின் கிட்டே வரவில்லை. லேபிளைத் திருப்பிப் படித்தால் பாதாம், ஆர்கன், ஜோஜோபா என்று எண்ணெய்களும் வாசனையும் இருக்கும். தப்பில்லை, முடி மெதுவாகும், பளபளக்கும், அரிப்பும் கொஞ்சம் அடங்கும். அதற்குமேல் எதிர்பார்ப்பதுதான் தப்பு. நம் 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனச் சட்டமே அழகுசாதனம் என்றால் சுத்தம் செய்யவும், அழகூட்டவும், தோற்றத்தை மாற்றவும் பயன்படுவது என்றுதான் சொல்கிறது. உடலின் செயல்பாட்டையே மாற்றுவது என்றால் அது மருந்தின் பக்கம் போய்விடும்.

பெரிய கம்பெனிகளுக்கு இது நன்றாகவே தெரியும். பாராசூட் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ, தாடிப் பொருட்கள் விற்கும் பியர்டோவில் 2017-ல் 45 சதவீதப் பங்கு வாங்கியது, 2020-ல் முழுவதையும் வாங்கிக்கொண்டது. வியாபாரமாகப் பார்த்தால் சபாஷ் போட வேண்டிய முடிவு. 2015-ல் 'பிரேமம்' பார்த்துத் தாடி வளர்க்க ஆரம்பித்த கூட்டம், பிறகு 'கே.ஜி.எஃப்.' பார்த்து அதை இன்னும் நீட்டிய கூட்டம், எல்லாமே சந்தைதானே. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 2009-ல், ஷேவ் செய்யாத ஆண் சோம்பேறி என்ற தொனியில் இதே நாட்டில் ஜில்லெட் பிரசாரம் நடத்தியது. ஷேவ் செய்தால்தான் ஆண் என்று பிளேடு விற்றவரும், தாடி வைத்தால்தான் ஆண் என்று எண்ணெய் விற்பவரும் தட்டுவது அதே பையன் வீட்டுக் கதவைத்தான் :-)

ஜில்லெட் கதையில் ரசிக்க வேண்டிய இன்னொரு பகுதி உண்டு. 2000-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கென்று ஒரு ரேசர் செய்தார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள், அவர்களுக்குப் பிடித்தது. இங்கே வந்ததும் சொதப்பிவிட்டது. காரணம் எளிது. அந்த மாணவர்களுக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். நம் ஊரில் பாதிப் பேர் திண்ணையிலோ கிணற்றடியிலோ உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு ஷேவ் செய்கிறவர்கள். ஓடும் தண்ணீர் இல்லாமல் பிளேடு இடுக்கில் முடி அடைத்துக்கொண்டது. பிறகு ஆட்களை வீடு வீடாக அனுப்பிப் பார்த்து, 2010-ல் ஒற்றை பிளேடு கார்டு ரேசரை 15 ரூபாய்க்கும் மாற்று பிளேடை 5 ரூபாய்க்கும் இறக்கினார்கள். முதல் தாடிக்காரர்களுக்கு உண்மையிலேயே பொருத்தமான சாமான் அதுதான். சுருள் முடிக்காரர்கள் மூன்று, ஐந்து பிளேடு வைத்து ஒட்டச் சிரைத்தால் முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கட்டி கட்டியாக எழும்பும். ஒற்றை பிளேடில் அந்தத் தொல்லை குறைவு.

(அடிக்கடி சிரைத்தால் அடர்த்தியாக வரும் என்று சொல்லும் சித்தப்பாக்களுக்கு: 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் சோதித்துப் பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார். வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரக்கிறது, அவ்வளவே.)

எண்ணெயோடு நின்றால் நஷ்டம் பணம் மட்டும்தான். அடுத்த படிதான் பயமுறுத்துகிறது. எண்ணெய் கைவிட்டதும் பையன்கள் மினாக்சிடிலுக்குப் போகிறார்கள். அது ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மருந்து. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலை வழுக்கைக்குத் தடவும் மருந்தாக மாற்றினார்கள். தாடிக்கு அது பலனே தராது என்று சொல்ல முடியாது. 2016-ல் வெளியான தாய்லாந்து ஆய்வில் மொத்தம் 48 ஆண்கள் இருந்தார்கள், 16 வாரம் 3 சதவீத லோஷன் தடவியவர்களுக்குப் போலி லோஷன் தடவியவர்களைவிடப் பலன் தெரிந்தது. ஆனால் 48 பேர், 16 வாரம், 3 சதவீதம். நம் பையன்கள் யாரையும் கேட்காமல் 5 சதவீதத்தை மாதக்கணக்கில் தடவுகிறார்கள். தோல் வறண்டு உரியும், அரிக்கும், சிலருக்குப் படபடப்பும் தலைச்சுற்றலும் வரும். வீட்டில் பூனை இருந்தால் அது நக்கியே செத்துப்போகக்கூடும், அந்த அளவுக்குப் பூனைக்கு விஷம். தடவியே ஆக வேண்டும் என்பவன் முதலில் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெர்மா ரோலர் இன்னும் மோசம். ஊசி குத்தும் சாமானை விடுதி அறையில் மூன்று பேர் மாற்றி மாற்றி உருட்டுவது வீரமில்லை, தொற்றுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது. அரிப்புக்கும் பருவுக்கும் மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு கிரீமும் இதே ரகம். 2018-ல் அரசு அவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது சும்மா இல்லை.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? முகத்துக்கு உறுத்தாத ஒரு சோப்பு, ஒரு சின்னக் கத்தரி, ஒரு சீப்பு, மேலே சொன்ன ஒற்றை பிளேடு ரேசர். ஷேவிங் கிரீமுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது, அதையும் ஒரு டியூப் வாங்கிக்கொள்ளலாம். உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு அது உதவும், சோப்பு அங்கே சரியாக நுரைக்காது. சிரைத்த பிறகு படிகாரக் கல். குளித்துத் துடைத்ததும் உள்ளங்கையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய். பரு வருகிற முகம் என்றால் அதுவும் வேண்டாம், எண்ணெய் துவாரத்தை அடைத்துவிடும். சின்ன வெங்காயச் சாற்றைச் சாம்பாருக்கு விட்டுவிடலாம், கன்னத்தில் எரிச்சல்தான் மிச்சம்.

மிச்சமான காசில் மாதம் ஒருமுறை ஊர் சலூனில் உட்காரலாம். எந்த இடைவெளியை எந்த நீளத்தால் மறைக்கலாம், கழுத்தில் எங்கே கோடு போடலாம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அந்த முகத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர் அவர். ஒன்றே ஒன்று, பிளேடைக் கண்முன்னால் பிரித்து, உடைத்துப் பாதியைக் கத்தியில் போடச் சொல்ல வேண்டும். ரத்தம் வழியாகப் பரவும் மஞ்சள் காமாலைக்கு ஒருவருக்குப் போட்ட பிளேடை இன்னொருவருக்குப் போடுவதே போதும். கேட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தாடியில் திடீரென்று காசு அளவுக்கு வட்டமாக முடி கொட்டி வழுவழுவென்று ஆனால் மட்டும் இதில் எதையும் செய்யக் கூடாது. ஊரில் புழுவெட்டு என்பார்கள். புழுவும் இல்லை, வெட்டும் இல்லை, உடலின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது. அதற்குத் தோல் மருத்துவர்தான். கோரிமேடு ஜிப்மரில் தோல் பிரிவு இருக்கிறது. வில்லியனூரிலிருந்து ஒரு காலை நேரம் ஒதுக்கினால் பார்த்துவிட்டு வரலாம், பாகூர்க்காரர்கள் கொஞ்சம் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.