சிநேகிதிக்கு என்ன விலை?

நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் தராவீஹ் தொழுது முடித்து, அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை போன்ற எமது ஊர்களில் வீடு நோக்கி நடந்து சென்றால் ஒரு சத்தம் காதில் விழும். தையல் மெஷின் ஓடுகின்ற சத்தம். சந்திக்கு ஒரு டெயிலர் இருந்த காலம் போய்விட்டது. இன்று வீதிக்கு இரண்டு மூன்று வீடுகளில் எமது சகோதரிகள் அபாயா தைக்கிறார்கள், பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறார்கள், தொப்பி பின்னுகிறார்கள், பிறந்த குழந்தைக்கு மெத்தை விரிப்பும் போர்வையும் செய்து கொடுக்கிறார்கள். இந்த வேலைகளில் பெரும் பகுதி கடைக்கு வருவதில்லை. சிநேகிதிகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் அடுத்த வீட்டாருக்கும் போய்ச் சேர்கிறது. அதில் எவ்வளவு அன்பளிப்பு, எவ்வளவு வியாபாரம் என்று கேட்டால் தைத்தவருக்கே சொல்லத் தெரியாது.

நான் கண்டி நகரில் சிறியதொரு புடவைக் கடை வைத்திருப்பவன். எனது தங்கச்சியும் வீட்டில் தைக்கிறாள். உம்மாவின் கையால் சுற்றுகின்ற பழைய சிங்கர் மெஷினில் பழகியவள். சிங்கர் கம்பனி 1877ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. தையல் மெஷினைத் தவணைக்கு விற்கும் முறையை 1850களில் அமெரிக்காவில் ஆரம்பித்தவர்களும் அவர்களே. மெஷினை விற்றவன் மாதா மாதம் கணக்கு எழுதினான். அந்த மெஷினில் தைத்த எமது உம்மாமார்தான் ஒரு நாளும் கணக்கு எழுதவில்லை.

கடந்த பெருநாள் முடிந்த பின் தங்கச்சியோடு உட்கார்ந்து ஒரு அபாயாவின் கணக்கைப் பார்த்தேன். எல்லோருக்கும் விளங்கட்டும் என்பதற்காக இலக்கங்களைச் சற்று உருட்டித் தருகிறேன். துணி 3 மீற்றர், மீற்றர் 900 ரூபாப்படி 2,700 ரூபா. லேஸ், நூல், பட்டன் 350 ரூபா. துணி வாங்க டவுனுக்கு வந்து போன பஸ் காசு 150 ரூபா. கரண்ட், ஊசி, மெஷின் தேய்மானம் என்று குறைத்துப் போட்டாலும் 100 ரூபா. ஆக 3,300 ரூபா. சிநேகிதியிடம் அவள் எடுத்தது 3,500 ரூபா. வெட்டித் தைத்து ஓரம் அடித்து அயர்ன் பண்ண ஆறு மணித்தியாலம். ஆறு மணித்தியாலத்துக்கு 200 ரூபா என்றால் மணிக்கு 33 ரூபா. எட்டு மணித்தியாலம் குனிந்திருந்து தைத்தாலும் 270 ரூபா கூட வராது. 2025ஆம் ஆண்டில் இந்த நாட்டின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,080 ரூபாவாக உயர்த்தப்பட்டது. எனது கடையில் கூட்டித் துடைக்கும் பையனுக்கு நான் அதைவிடக் கூடக் கொடுக்கிறேன்.

"ஏன் இப்படிக் குறைத்து எடுத்தாய்?" என்று கேட்டேன். "எங்களுக்குள்ள என்ன கணக்கு, பார்த்து எடுங்க என்று சொல்றாங்க நானா. அதுக்குப் பிறகு எப்படிக் கேட்கிறது?" என்றாள்.

இந்தப் 'பார்த்து எடுங்க' என்ற சொல்லை வியாபாரிகளாகிய நாம் நன்கு அறிவோம். கடைக்கு வரும் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் நாம் அதற்குப் பழகியிருக்கிறோம். சிரித்துக்கொண்டே நூறு ரூபாவைக் குறைத்து, அதற்கு முன்பே சேர்த்து வைத்த இடத்திலிருந்து அதை எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் இருந்து தைப்பவருக்கு அந்த இடம் இல்லை. அவர் குறைக்கும் நூறு ரூபா அவருடைய கூலியிலிருந்தே போகிறது.

அன்பளிப்புச் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உம்மா இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் பெருநாளைக்கு முன் பின்னிய தொப்பிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கும். யாருக்கு எது என்று முதலே முடிவாகிவிடும். அதற்கு ஒருவரும் காசு கேட்டதுமில்லை, கொடுத்ததுமில்லை. அது சுத்தமான அன்பளிப்பு. மனஸ்தாபம் வருவது இரண்டும் கலந்த இடத்தில்தான். கொடுத்தவர் பாதி விலை என்று நினைக்கிறார், வாங்கியவர் முழு விலை கொடுத்துவிட்டதாக நினைக்கிறார், இருவர் மனதிலும் ஒரு சின்ன முள். வருடக்கணக்கான சிநேகிதம் ஒரு சட்டைக் கைக்காக முறிந்ததை நான் கண்டிருக்கிறேன். அல்குர்ஆனின் ஆக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது என்பது எமது வாசகர்கள் அறியாததல்ல. அதை ஹாஜியார்மாரின் பெரிய வியாபாரத்துக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கிவிட்டு, சமையலறை மேசையில் நடக்கும் வியாபாரத்தை வாய்ச்சொல்லோடு விட்டுவிட்டோம்.

சிநேகிதர் வட்டத்துக்குள் ஆரம்பித்த கைவேலை ஒன்று எங்கு வரை போகலாம் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கண்டியிலிருந்து மாத்தளை தாண்டித் தம்புள்ளை போகிற பாதையில் அளுவிகாரை வரும். அங்குதான் ஈனா டி சில்வா அம்மையாரின் பத்திக் நிலையம் உருவானது. இலங்கையர்களில் முதலாவது பொலிஸ் மா அதிபராக இருந்த சேர் ரிச்சர்ட் அளுவிகாரையின் மகள் அவர். 1960களின் ஆரம்பத்தில் கொழும்பில் தனது வீட்டில், மகனோடும் ஓவியர் லக்கி சேனாநாயக்க போன்ற நண்பர்களோடும் சேர்ந்து பத்திக் செய்யத் தொடங்கினார். வீட்டு வேலையாகத் தொடங்கியது ஒரு சில வருடங்களில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் முன் மண்டபக் கூரையில் ஏறிவிட்டது. பிற்காலத்தில் அவர் பரம்பரை ஊரான அளுவிகாரைக்கே திரும்பி, கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பத்திக், எம்பிரோய்டரி எல்லாம் நடத்தினார். 2015இல் மறையும் வரை அங்கேயே இருந்தார். பெரிய இடத்துப் பிள்ளை, அவருக்கு முடியும், எமக்கு முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எமது சகோதரிகளுக்கு பாவாவைப் போன்ற நண்பர் கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நண்பர் என்பதற்காக பாவா அந்தத் துணியைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டி, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நிற்கவில்லை. ஒரு ஹோட்டலுக்கு ஓர்டர் எடுத்துக் கொடுத்தார். சிநேகிதர்களால் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். குண்டசாலை, மெனிக்ஹின்ன பக்கத்தில் தும்பறைப் பாய் நெய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. ஹண செடியின் நாரை உரித்து, சாயம் போட்டு, நிலத்தோடு கிடக்கும் தறியில் நெய்வார்கள். மருதமுனைக் கைத்தறியைப் போல ஊர்ப் பெயரே அந்தச் சரக்கின் பெயர். வாவிக் கரையில், தலதா மாளிகைக்குப் பக்கத்தில், 1882இல் ஆரம்பித்த கண்டியக் கலைச் சங்கம் இருக்கிறது. கைவினைஞருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் ஒரு மண்டபம் வேண்டும் என்பதை நூற்று நாற்பது வருடங்களுக்கு முன்பே இந்த நகரத்தில் யோசித்திருக்கிறார்கள். எமது அபாயாவுக்கும் தொப்பிக்கும் அப்படியொரு மண்டபம் இல்லை. வட்ஸ்அப் குறூப்தான் மண்டபம்.

இனி, வியாபாரிகளாகிய எமது பக்கத்துக்கு வருகிறேன். இது எழுதக் கொஞ்சம் வெட்கமான விடயம்.

இரண்டு வருடங்களுக்கு முன் தங்கச்சியின் பிள்ளைச் சட்டைகளை எனது கடையில் ஒரு பக்கத்து ராக்கையில் தொங்கவிட்டேன். விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பி எடு என்ற பேச்சு. சட்டைகள் விற்றன. காசு லாச்சியில் விழுந்தது. லாச்சியில் விழுந்த காசுக்குப் பெயர் எழுதியிருக்காதே. கொழும்பு மொத்த வியாபாரியின் செக் வந்தது, கடை வாடகை வந்தது, போய்விட்டது. அவள் கேட்டபோது "பெருநாள் முடியட்டும்" என்றேன். பெருநாள் முடிந்ததும் "மாசக் கடைசி" என்றேன். ஒரு நாள் அவள் சொன்னாள்: "நானா, கொழும்புக்காரனுக்குக் கொடுத்த செக் பாஸாகாட்டி உங்களுக்கு நித்திரை வராது. என்ட காசுக்கு மட்டும் நல்லா நித்திரை வருதா?"

பதில் இருக்கவில்லை. கொழும்புக்காரன் செக்கைத் திருப்பினால் எனது பெயர் கெடும். தங்கச்சி திருப்புவதற்கு அவளிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. சொந்தம் என்ற காரணத்தால் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருந்தேன். இதை வாசிக்கும் கடைக்காரர்களில் எத்தனை பேரின் லாச்சியில் இப்படியான காசு கிடக்கிறது என்று அவரவருக்குத் தெரியும்.

அதுவும் எப்படிப்பட்ட வருடங்களைக் கடந்து வந்திருக்கிறோம்! 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் எமது கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2020இல் கொரோனா வந்து கடைகளை மூடினோம். 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 வரை போனது. இந்த மூன்று அடியிலும் கடை மூடிக் கிடந்தபோது வீட்டில் மெஷின் ஓடி உலை கொதித்த குடும்பங்களை நான் அறிவேன். முகக்கவசம் தைத்தார்கள், பழைய சாரியை வெட்டிப் பிள்ளைச் சட்டை தைத்தார்கள். அந்த உழைப்பை இன்னும் 'பொழுதுபோக்கு' என்று கூப்பிடுகிறவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள்.

விலை விடயத்தில் சகோதரிகள் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். சிநேகிதிக்குச் சொன்ன விலை சிநேகிதியோடு நிற்காது. அவர் கலியாண வீட்டில் நாலு பேரிடம் சொல்வார். அன்றிலிருந்து அதுதான் உங்கள் விலை. பிறகு ஒரு கடைக்காரர் மாதம் இருபது அபாயா கேட்டு வந்தால், அவருடைய இலாபத்தை வைக்க இடமில்லை. 3,500 ரூபாவுக்கு வீட்டில் கிடைப்பதை 4,500 கொடுத்துக் கடையில் யார் வாங்குவார்? ஆகவே கடை விலையை முதலில் போடுங்கள். சிநேகிதிக்குக் குறைக்க விரும்பினால் துண்டில் முழு விலையையும் எழுதி, குறைத்த தொகையையும் கீழே எழுதிக் கொடுங்கள். எவ்வளவு அன்பு காட்டினீர்கள் என்பது அப்போதுதான் அவருக்கும் தெரியும்.

அடுத்தது, சிநேகிதியின் பாராட்டை நம்பாதீர்கள். 'மாஷா அல்லாஹ், அழகா இருக்கு' என்பார். அக்குள் இறுக்கமாக இருக்கிறது, முதல் கழுவலில் சாயம் போனது என்று உங்கள் மனம் நோகாமலிருக்கச் சொல்ல மாட்டார். சட்டை அலுமாரியில் தூங்கும். அவர் காசு கொடுத்து இரண்டாவது முறை வாங்குகிறாரா, முன்பின் தெரியாத ஒருவரை அனுப்பி வைக்கிறாரா என்று பாருங்கள். டுபாய் சரக்கோடும் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கோடும் விலையில் மோதி வெல்ல முடியாது. கட்டையானவருக்கும் பருத்தவருக்கும் அளவெடுத்துத் தைப்பது, மூன்று மாதத்தில் இடுப்பைத் தளர்த்திக் கொடுப்பது, இவை கப்பலில் வராது.

பாடசாலைச் சீருடையையும் மறக்க வேண்டாம். 1993 முதல் அரசாங்கம் மாணவர்களுக்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்குகிறது. 2025ஆம் ஆண்டுக்குத் தேவையான துணி முழுவதையும் சீனா அன்பளிப்புச் செய்தது. துணி இலவசம், தையற்கூலி இலவசமல்ல. புதிய வருடப் பாடசாலை தொடங்கும் முன்பு அந்தத் துணிகளோடு சிநேகிதிகள் வரிசையாக வந்து, கூலியைப் பற்றிப் பேசாமலே போகும் வீடுகள் எத்தனை!

சிநேகிதிகளுக்கும் ஒரு வார்த்தை. விலையைக் குறைக்கச் சொல்வதை விட, துணிக் காசை முற்பணமாகக் கொடுங்கள். சீட்டுப் போடுவதில் எம்மவர்கள் கெட்டிக்காரர்கள். பத்துப் பேர் மாதம் 5,000 ரூபா போட்டால் முதல் சீட்டை அவருக்குக் கொடுக்கலாம். ஓவர்லொக் மெஷினுக்கு முற்பணம் கட்ட அதுவே போதும். வட்டி கிடையாது, வங்கியில் கால் கடுக்க நிற்கவும் தேவையில்லை. தொழில் கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு பெயரை வைத்துப் பிரதேச செயலகத்தில் பதிந்துகொண்டால், கடைக்காரர்களோடு பேசும்போது குரலும் கொஞ்சம் மாறும்.

நான் இப்போது தங்கச்சிக்கென்று தனியாக ஒரு கொப்பி போட்டிருக்கிறேன். என்ன சாமான், எத்தனை, எந்தத் திகதி, இரண்டு பேரின் கையெழுத்து. வியாழக்கிழமை மாலை கணக்குப் பார்த்துக் காசு கொடுத்துவிடுகிறேன். பழைய பாக்கியும் மூன்று தவணையில் தீர்ந்தது. அவளும் வீட்டில் விலை எழுதி ஒட்டியிருக்கிறாள். சிநேகிதிகளில் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் முற்பணத்தோடு மகளின் கலியாண உடுப்புக்கு வந்திருக்கிறார். கடைப் பங்கு நூற்றுக்கு 20 என்று நான் கேட்கிறேன். 15க்கு மேல் தர முடியாது என்று அவள் நிற்கிறாள். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.